கேஸ்ட்ரிக் இல்ல, நெஞ்சுவலி

யட்டியாந்தோட்டையைச் சுத்தி இருக்கிற எந்தத் தோட்டத்துக்கும் போய், நாற்பத்தைந்து வயசு தாண்டின ஒரு பொம்பளகிட்ட, "நெஞ்சு வலிச்சா என்ன செய்வீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் பெரும்பாலும் ஒன்றுதான். ஒரு சோடா குடிப்போம், இஞ்சி தட்டிப் போட்டுக் குடிப்போம், அதுக்கும் கேக்காட்டி டிஸ்பென்சரியில ஒரு குளிசை வாங்குவோம். வருத்தத்துக்குப் பெயர் கேஸ்ட்ரிக். இதே கேள்வியை ஒரு ஆம்பளகிட்ட கேட்டால், அவர் வாயைத் திறப்பதற்கு முன்னாடியே பக்கத்துல நிக்கிற மனைவி பதில் சொல்லிவிடுவார்: "ஓட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம், வேற என்ன செய்றது?"

இந்த ரெண்டு பதிலுக்கும் நடுவுலதான் ஆள் சாகிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

இலங்கையின் ஆஸ்பத்திரிகளில் நடக்கிற சாவுகளுக்கு முதல் காரணம் பல வருஷமாகவே இதய ரத்தக்குழாய் அடைப்புதான். இது ஆம்பளைகளின் நோய், அதிலும் பணக்கார, தொந்தி வைத்த, சிகரட் குடிக்கிற ஆம்பளைகளின் நோய் என்ற எண்ணம் எங்கள் லயங்களில் மட்டும் இல்லை, படித்தவர்களிடமும் உண்டு. 2021ல் வெளிவந்த லான்செட் ஆணைக்குழு அறிக்கையின் கணக்குப்படி, உலகத்தில் சாகிற பெண்களில் 35 வீதமானவர்கள் இதய, ரத்தக்குழாய் நோய்களால்தான் சாகிறார்கள். ஒக்டோபர் மாதம் இளஞ்சிவப்பு ரிப்பன் கட்டி மார்பகப் புற்றுநோயைப் பற்றிப் பேசுகிறோமே (பேசத்தான் வேணும்), அந்த நோயால் சாகிறவர்களைப் போல பல மடங்கு பேர் இதில் சாகிறார்கள். இதுக்கு ரிப்பன் கட்ட ஆள் இல்ல.

சரி, இப்போது கொஞ்சக் காலமாக விழிப்புணர்வு என்று ஒன்று ஓடுது. வட்ஸ்அப்பில் எல்லாருக்கும் வந்திருக்கும். "பெண்களுக்கு மாரடைப்பு வேறு மாதிரி வரும், நெஞ்சுவலி இருக்காது, களைப்பு, வாந்தி, தாடை வலி மட்டும்தான் இருக்கும், அதனால கண்டுபிடிக்கிறது கஷ்டம்." நல்ல எண்ணத்தோடு அனுப்புகிறார்கள். ஆனால் அந்த வசனத்தின் கடைசித் துண்டைக் கவனியுங்கள். கண்டுபிடிக்கிறது கஷ்டம். குற்றம் யார் மேல போகுது? ஒழுங்கா வலிக்கத் தெரியாத பொம்பளயின் உடம்பு மேல.

இதை நாங்கள் ஏற்கவில்லை. அமெரிக்காவில் 18 முதல் 55 வயது வரையான மாரடைப்பு நோயாளிகள் 2,985 பேரிடம் எடுத்த ஆய்வு ஒன்று இருக்கு. விர்கோ என்று பெயர், 2018ல் வெளிவந்தது. அதில் பெண்களில் 87 வீதம் பேருக்கு நெஞ்சில் வலியோ அழுத்தமோ இறுக்கமோ இருந்தது. ஆண்களில் 89.5. அவ்வளவுதான் வித்தியாசம். பெண்களுக்கு அதோடு சேர்த்து வாந்தி, மூச்சு வாங்குதல், முதுகு வலி என்று வேற பல அறிகுறிகளும் கூடுதலாக இருந்தன, உண்மை. ஆனால் நெஞ்சுவலி இருந்தது. அவர்கள் அதைச் சொல்லவும் செய்தார்கள். அட்மிட் ஆகிறதுக்கு முந்தியே வைத்தியரிடம் போய்க் காட்டினவர்களைக் கணக்கெடுத்தால், பெண்கள் 29.5 வீதம், ஆண்கள் 22.1 வீதம். அதாவது பொம்பளைங்கதான் முந்திப் போய்க் காட்டியிருக்கிறாங்க. போனவங்கள்ல, "இது இதயத்துல உள்ள பிரச்சினை இல்லன்னு வைத்தியர் நினைச்சார்" என்று சொன்ன பெண்கள் 53 வீதம். ஆண்கள் 37.

ஆக, வலி வேற மாதிரி இல்ல. கேக்கிற காதுதான் வேற மாதிரி.

இதில் இன்னொரு வார்த்தை விளையாட்டும் உண்டு. ஆணுக்கு வருகிற அறிகுறிக்கு மருத்துவப் புத்தகங்களில் 'வழமையானது' என்று பெயர். பெண்ணுக்கு வருவது 'வழமைக்கு மாறானது'. உலகத்தில் பாதிப்பேருக்கு வருகிற ஒன்று எப்படி வழமைக்கு மாறானதாகும்? 2021ல் அமெரிக்க இதயச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட நெஞ்சுவலி வழிகாட்டியே இந்தச் சொல்லைக் கைவிடச் சொல்லிவிட்டது. எங்கள் ஊர்ப் பாடப்புத்தகங்களுக்கு அது வந்து சேர எத்தனை வருஷமோ.

இந்தக் காது எப்படி உருவானது என்றும் பார்க்க வேணும். மாரடைப்பு பற்றிய அறிவின் பெரும்பங்கு ஆண்களை வைத்தே கட்டப்பட்டது. தினம் அஸ்பிரின் குடித்தால் மாரடைப்பு குறையுமா என்று பார்த்த புகழ்பெற்ற ஆய்வு 1989ல் வெளிவந்தது. 22,071 பேர், எல்லாரும் ஆண் வைத்தியர்கள். அதுக்கு முன்னாடி கொலஸ்ட்ரோல், பிரஷர், சிகரட் பற்றி நடந்த பெரிய ஆய்வில் 12,866 பேர். அதிலும் ஒரு பொம்பள கூட கிடையாது. அந்த ஆய்வின் சுருக்கப் பெயரை வாசித்தாலே 'மிஸ்டர் ஃபிட்' என்று வரும், பகிடி இல்ல. பிள்ளை பெறக்கூடிய வயதுப் பெண்களை மருந்துச் சோதனையின் ஆரம்பக் கட்டங்களில் சேர்க்க வேண்டாம் என்று அமெரிக்க அரசு நிறுவனம் 1977ல் சொன்னது. அதை மாத்திக்கொண்டது 1993ல்தான்.

1991ல் பேர்னடீன் ஹீலி என்ற இதய வைத்தியர் இதற்கு 'யென்டில் நோய்க்குறி' என்று பெயர் வைத்தார். ஐசக் பஷேவிஸ் சிங்கரின் கதையில் யென்டில் என்கிற யூதப் பெண், வேதம் படிக்கிறதுக்காக ஆண் வேஷம் போடுவாள். ஆம்பளையைப் போலவே தனக்கும் இதய நோய் இருக்கு என்று நிரூபித்த பிறகுதான் ஒரு பெண்ணுக்கு அதே வைத்தியம் கிடைக்குது, அது வரைக்கும் இல்ல, என்பது ஹீலி சொன்னதன் சாரம். எங்கள் மொழியில் சொன்னால், பெரட்டுக்களத்துல ஆம்பள மாதிரி நெஞ்சைப் புடிச்சிக்கிட்டு பொத்துனு விழுந்தாத்தான் நம்புவாங்க.

ரத்தப் பரிசோதனை கூட இதில் தப்பவில்லை. இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கூடுகிற ட்ரோபொனின் என்ற பொருளை அளக்கிறார்கள். எவ்வளவு கூடினால் மாரடைப்பு என்பதற்கு எல்லாருக்கும் ஒரே அளவுகோல் இருந்தது. எடின்பரோவில் 1,126 பேரை வைத்துப் பார்த்து 2015ல் வெளியிட்டார்கள்: பெண்களுக்கென்று தனி அளவு வைத்தவுடனே, மாரடைப்பு என்று கண்டுபிடிக்கப்பட்ட பெண்களின் பங்கு 11 வீதத்திலிருந்து 22 வீதமாகியது. இரட்டிப்பு. ஆண்களில் 19லிருந்து 21க்குத்தான் ஏறியது. அந்த மிச்சப் பாதிப் பெண்களை அது வரைக்கும் என்ன சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள் என்று யோசியுங்கள். இங்கிலீஷில் கேஸ்ட்ரிக்குக்கு என்ன பெயரோ அதைச் சொல்லி.

இப்போது எங்களோடு வழமையாக வாதாடுகிறவர்களுக்கு வருவோம். "பெண்களுக்கு மாரடைப்பு வயசு போய்த்தான் வருது, அதுக்குள்ள சீனி வருத்தம், பிரஷர் எல்லாம் சேர்ந்துடுது, அதனாலதான் கூடச் சாகிறாங்க, இதுல பாகுபாடு எங்க இருக்கு?" இந்த வாதத்தில் பாதி நியாயம் உண்டு. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், பெண்களுக்கு முதல் மாரடைப்பு ஆண்களைவிட ஏறத்தாழ 9 வருஷம் பிந்தித்தான் வந்தது. பெண்களின் ரத்தக்குழாய் சின்னது, குழாயின் சுவர் தானாகக் கிழிகிற ஒருவகை மாரடைப்பு பெரும்பாலும் பெண்களுக்கே வருது. எல்லாம் சரி. ஆனால் சுவீடனில் 2003 முதல் 2013 வரை மாரடைப்பு வந்த 1,80,368 பேரின் பதிவுகளை எடுத்து, வயசையும் மற்ற வருத்தங்களையும் கழித்துப் பார்த்தார்கள். அப்பவும் பெண்களின் சாவு கூடத்தான் இருந்தது. பிறகு கிடைத்த வைத்தியத்தையும் கணக்கில் சேர்த்தார்கள். அடைப்பை எடுக்கிற சிகிச்சையும் குளிசைகளும் ஆண்களுக்குக் கிடைத்த மாதிரியே கிடைத்திருந்தால் என்று பார்த்தபோது, அந்த வித்தியாசம் பெரும்பாலும் சுருங்கிப் போனது. சுவீடன் இலவச வைத்தியத்துக்கும் ஆண்-பெண் சமத்துவத்துக்கும் உதாரணம் காட்டப்படுகிற நாடு. அங்கயே இப்படி. இங்கிலாந்திலும் வேல்சிலும் பத்து வருஷ காலத்தில் 8,200க்கு மேற்பட்ட பெண்கள், ஆண்களுக்குக் கொடுத்த அதே தரத்தில் வைத்தியம் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் 2019ல் சொன்னது. 8,200 பேரும் உடம்பின் வித்தியாசத்தால் சாகவில்லை.

புளோரிடாவில் 1991 முதல் 2010 வரை மாரடைப்போடு வந்த 5,80,000க்கு மேற்பட்டவர்களைப் பார்த்த இன்னொரு ஆய்வும் உண்டு. பெண் நோயாளிகள் ஆண் வைத்தியரிடம் போனபோது சாவு கூட. ஆனால் அந்த ஆண் வைத்தியர்கள் பெண் நோயாளிகளை அதிகம் பார்த்துப் பழகியிருந்தால், கூட வேலை செய்கிறவர்களில் பெண்கள் அதிகம் இருந்தால், சாவு குறைந்தது. இதை வாசிச்சப்ப எங்களுக்குக் கோபத்தோட கொஞ்சம் நம்பிக்கையும் வந்தது. காதைப் பழக்கலாம்.

இன்னொரு பக்கத்திலிருந்து நம்ம தோழர்களே கேக்கிறாங்க: "தோட்டத்துல ஆம்பளைக்கே ஈ.சீ.ஜீ. கிடையாது, இதுல என்ன ஆண், பெண்? இது வர்க்கப் பிரச்சினை." வர்க்கப் பிரச்சினைதான், யார் இல்லன்னா? இந்தியாவில் 20,468 நோயாளிகளைப் பார்த்த கிரியேட் ஆய்வு 2008ல் வந்தது. மாரடைப்பு வந்து முப்பது நாளுக்குள் ஏழைகளில் 8.2 வீதம் பேர் செத்தார்கள், பணக்காரர்களில் 5.5 வீதம். கிடைத்த வைத்தியத்தைச் சரிசெய்து பார்த்தால் அந்த இடைவெளி மறைந்துவிடுது. சுவீடன் பெண்களுக்குச் சொன்ன அதே கதையை இந்தியா ஏழைகளுக்குச் சொல்லுது. ஏழையாகவும் பெண்ணாகவும் தமிழ் மட்டும் பேசுகிறவராகவும் ஒரே ஆள் இருந்தால்? அந்த ஆள்தான் எங்கள் அம்மா. அவரை எந்தப் பட்டியலில் போடுவது என்று நாங்கள் சண்டை பிடித்துக்கொண்டிருக்கும்போது அவருக்கு நேரம் போகுது.

தோட்டத்தில் இது எப்படி நடக்குது என்று கொஞ்சம் நின்று பார்ப்போம். கொழுந்து எடுக்கிற பெண்ணுக்கு வருஷக்கணக்கா தலையில கயிறு போட்டுக் கூடை. கழுத்து, தோள், நடு முதுகு வலி எல்லாம் தினம் இருக்கிறது. பால் வெட்டுறவங்க விடியிறதுக்கு முன்னமே வாளியோட மலை ஏறி இறங்குறவங்க. மாரடைப்பு வலி போய் உக்காருகிற இடமும் அதே தோள், அதே முதுகு, அதே கை. எது கூடை, எது இதயம்? மூச்சு வாங்குதுன்னா ரத்தம் குறைவு, களைப்புன்னா வயசு போயிருச்சு, வேர்க்குதுன்னா மாதவிடாய் நிக்கிற காலம். ஒவ்வொரு அறிகுறிக்கும் வேலையோ பொம்பளத்தனமோ முந்திக்கிட்டு ஒரு விளக்கம் வச்சிருக்கு. இதயம் வரிசையில கடைசி.

வலி எடுத்தாலும் பாதியில இறங்கி வர முடியாது. நிறை குறைஞ்சா அரைப்பேர். பேர் போனா அந்த நாள் சம்பளம் போச்சு. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் 1984ல வந்தது. ஆனால் ஆம்பளைக்கு வேலை பகலோட முடியும், பொம்பள பின்னேரத் தராசு வரைக்கும் மலையில நிக்க வேணும், அதுக்குப் பிறகு விறகடுப்புப் புகையில சமையல். அந்தப் புகையும் இதயத்துக்கு ஆகாது. வெத்தலையோட அடக்கிற புகையிலையும் ஆகாது, மென்று தின்கிற புகையிலை மாரடைப்பு ஆபத்தை இரண்டு மடங்குக்கு மேல் கூட்டுகிறது என்று அதே இன்டர்ஹார்ட் ஆய்வு சொல்லுது. பசி தெரியாம இருக்கத்தான் எங்கள் ஆட்கள் அதை வாயில அடக்குறாங்க என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். 'புகையிலையை விடுங்கம்மா' என்று மட்டும் அறிவுரை சொல்லிவிட்டுப் போகிறவர்களோடு எங்களுக்கு ஒத்துவராது.

எங்களில் ஒருவரின் அம்மாயிக்கு நடந்ததைச் சொல்கிறோம். ஐம்பத்தெட்டு வயசு, சீனி வருத்தத்துக்கு கிளினிக் கொப்பி இருக்கு. காலையில முதுகுல இருந்து நெஞ்சு வரைக்கும் இறுக்கம், உடம்பெல்லாம் வேர்வை. வேலைக்குப் போயிட்டாங்க. பத்து மணிக்கு மேல முடியாம உக்காந்து, டிஸ்பென்சரியில குளிசை வாங்கிக் குடிச்சு, பின்னேரம்தான் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. அங்க தாதிக்குத் தமிழ் தெரியாது, அம்மாயிக்குச் சிங்களம் அரைகுறை. என்ன வருத்தம் என்று கேட்டதுக்கு அவங்களுக்கு வந்த ஒரே சொல், "கேஸ்ட்ரிக்". ரெண்டு மொழிக்கும் பொதுவான சொல் அது ஒண்ணுதான். அதையே எழுதி, மருந்து குடுத்து அனுப்பிட்டாங்க. மறுநாள் இன்னும் மோசமாகித் திரும்பப் போனப்பதான் ஈ.சீ.ஜீ. எடுத்தாங்க. கரைக்கிற மருந்து குடுக்கிற நேரம் தாண்டிப் போச்சு. அம்மாயி உயிரோட இருக்காங்க. ஆனா லயத்துக்கு ஏறுற அந்த முப்பது படியை மூணு தடவை உக்காந்துதான் ஏறுறாங்க.

அந்தத் தாதியைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. 1987ல் பதின்மூன்றாவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதியாச்சு. அதுக்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு இன்றைக்குப் பேரப்பிள்ளை இருந்தாலும் இருக்கும். வெளிநோயாளர் பிரிவில் நெஞ்சுவலியைத் தமிழில் சொல்லிப் புரிய வைக்க முடியாத ஒரு நாட்டில், அந்தச் சட்டத்தை வைத்து என்ன செய்வது?

இன்னொன்றையும் சொல்ல வேணும், கொஞ்சம் கசப்பானது. தோட்டப் பெண்களின் உடம்பை யாரும் கவனிக்கவில்லை என்பது பொய். 1912ல் வெள்ளைக்காரன் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் கொண்டு வந்த காலத்திலிருந்து தோட்ட வைத்தியம் என்று ஒன்று இருக்கு. அது எங்கள் பெண்களைப் பார்த்தது, கர்ப்பப்பையின் வழியாக. பிரசவம், தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு. எத்தனை பிள்ளை என்று எண்ண ஆள் வந்தது, ஒப்பரேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போக லொறி வந்தது. பிள்ளை பெறுகிற காலம் முடிஞ்ச பிறகு, அதாவது இதயத்துக்கு ஆபத்து கூடுகிற அந்த வயசில, கதவைத் தட்ட ஆள் இல்லாமப் போகுது. கர்ப்ப காலத்தில் பிரஷரோ சீனியோ கூடினவர்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வருகிற ஆபத்து அதிகம் என்று தெரிந்த விஷயம். அந்தத் தகவல் எல்லாம் குடும்ப நலத் தாதியின் கொப்பியிலேயே இருக்கு. கொப்பியை மூடி அலுமாரியில வச்சிட்டாங்க.

நாங்கள் கேட்பது அமெரிக்க ஆஸ்பத்திரி இல்ல. ஒவ்வொரு தோட்ட டிஸ்பென்சரியிலும் ஒரு ஈ.சீ.ஜீ. இயந்திரம். எடுத்த படத்தை போன்ல கரவனல்லை ஆதார வைத்தியசாலைக்கோ கேகாலைக்கோ அனுப்பி அங்க இருக்கிற வைத்தியரிடம் கேட்கிற ஏற்பாடு. தமிழ்நாட்டில் கிராமத்துச் சின்ன ஆஸ்பத்திரிகளையும் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளையும் இதேபோல இணைத்துப் பார்த்து, ஒரு வருஷத்துக்குள் நடக்கிற சாவு குறைந்ததைக் காட்டியிருக்கிறார்கள், அதனால் இது கனவு இல்லை. மாரடைப்பு என்று தெரிந்தவுடன் மெல்லக் கொடுக்கிற அஸ்பிரின், 17,187 பேரை வைத்து 1988லேயே சாவை ஏறத்தாழ கால்வாசி குறைக்கும் என்று நிரூபித்த குளிசை, ஒரு பிளேன்டீயைவிட மலிவு. நெஞ்சுவலி என்று மலையிலிருந்து இறங்குகிறவருக்கு அன்றைய பேரை வெட்டக் கூடாது என்று கூட்டு ஒப்பந்தத்தில் ஒரு வரி. சம்பள எண்ணுக்கு மட்டும் மேடை போடுகிற சங்கங்கள் இந்த வரியையும் மேசையில வைக்கட்டும். அதில் காசும் பெருசா போகாது.

வீட்டுக்குள்ளயும் சண்டை இருக்கு. அப்பாவுக்கு நெஞ்சு வலிச்சா மொத்த லயமும் ஓடி வருது. அம்மாவுக்கு வலிச்சா, "மகன் வரட்டும், அவர் வரட்டும், சம்பளம் வரட்டும்." ஆஸ்பத்திரிக்குப் போறதை அவங்களே முடிவெடுக்க முடியாத வீட்டில், ஈ.சீ.ஜீ. இயந்திரம் தோட்டத்துல இருந்தும் பிரயோசனம் இல்ல. இதை வாசிக்கிற அண்ணன் தம்பிகளுக்கு இது பிடிக்காம இருக்கலாம். பரவாயில்ல.

1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். ரோட்டு மோசமா இருந்தா தோட்டத்து லொறியிலயாவது மெயின் ரோட்டு வரைக்கும் இறக்கிவிடுங்க, அவிசாவளை-ஹட்டன் வீதிக்கு வந்துட்டா கரவனல்லை பக்கம்தான். நெஞ்சுல இறுக்கமோ வலியோ பத்துப் பதினைஞ்சு நிமிஷத்துக்கு மேல நின்னா, அதோட வேர்வையோ மூச்சு வாங்குதலோ இருந்தா, சோடாவுக்கு ஆள் அனுப்பாதீங்க. ஆஸ்பத்திரியில கேஸ்ட்ரிக் என்ற சொல்லை வாயிலயே எடுக்க வேண்டாம். சிங்களம் தெரியாத அம்மாமாருக்கு இந்த ரெண்டு வசனத்தை மட்டும் மனப்பாடம் பண்ணிக் குடுங்க. எங்கள் குழுவில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைமடுவத்துல வச்சுச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்கோம், வேற தோட்டத்துக்காரங்களும் எடுத்துக்கலாம்:

"பப்புவ ரிதெனவா. ஈ.சீ.ஜீ. எகக் கன்ன புளுவந்த?"